ஸ்டெல்லா அக்கா கொடுத்த புகாரை மூடிவிட்டார்கள்

என் ஸ்டெல்லா அக்காவுக்கு,

கரையான்சாவடியில் உன் வீட்டு வாசல் பந்தலைப் பிரிப்பதற்குள், அம்பத்தூர் ஆபீசில் உன் புகாரை மூடிவிட்டார்கள். "புகார் கொடுத்தவர் இல்லை. மூடப்பட்டது" என்று கம்ப்யூட்டர் திரையில் இருந்தது. நீ செத்துப்போனால் நீ கண்டுபிடித்த தப்பும் செத்துப்போகுமா அக்கா?

உனக்குத் தெரிந்ததுதான், ஆத்திரம் தீர மறுபடியும் சொல்கிறேன். நாம் எழுதி விற்கிற டேட்டாபேஸில் ஒரு ஃபைல் நாலு கிகாபைட்டைத் தாண்டினால், அதற்கு மேல் எண்ணத் தெரியாமல் புரோகிராம் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். புதுப் பதிவை முதல் பதிவின் மேலேயே எழுதும். சத்தமே போடாது.

"அவ்ளோ பெரிய ஃபைலு எவன்க்கா வச்சிக்கீறான்?" என்று, நீ புகார் எழுதிய அன்று பக்கத்து சீட்டு முரளி சிரித்தான்.

"நம்மகிட்ட வாங்குன ஆஸ்பத்திரிக்காரங்க ஸ்கேன் படமா ரொப்பிக்கினே கீறாங்க. தாண்டுற அன்னிக்கு உன்னியத்தான் அனுப்புவேன், அடி வாங்கிக்கினு வா" என்றாய். சோதிக்கப் பெரிய டிஸ்க் கேட்டாய். மேனேஜர் தரவில்லை. அப்புறம் காமாலை உன்னைப் படுக்கவைத்துவிட்டது.

உன் அஞ்சலிக் கூட்டத்தில் அதே மேனேஜர் "நம்ம குடும்பத்துல ஒருத்தி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பற்றி எரிந்தது.

எனக்குப் பேச வராது. அதனால் பேசாமல் செய்து பார்த்தேன். சோதனைக்கு ஒரு ஃபைலில் முதல் நோயாளியின் பதிவைப் போட்டேன். பிறகு அந்த நாலு கிகாபைட் எல்லைக்குச் சற்று முன்னால் தாவிப் போய் ஒரே ஓர் எழுத்தை எழுதினேன். நடுவில் வெறும் காலி. டிஸ்க்கில் இடமே பிடிக்கவில்லை, அளவு மட்டும் மலை போல. மேலும் சில பதிவுகளைச் சேர்த்தேன். முதல் நோயாளியைக் காணோம்.

புரோகிராமில் எண்ணுகிற இடங்களையெல்லாம் தேடித் திருத்திவிட்டு மேனேஜரிடம் காட்டினேன்.

"அடுத்த வெர்ஷன்ல போட்டுக்கலாம்மா. ஆஸ்பத்திரிக்கு இப்ப சொல்லாத. பயந்துட்டா கான்ட்ராக்ட் போயிடும்."

அவர்கள் ஃபைல் எல்லையை நெருங்கிவிட்டது, அக்கா. முதலில் அழியப்போவது பழைய நோயாளிகள். யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று அதில்தானே இருக்கிறது? அது தெரியாமல் ஊசி போட்டுவிட்டால், யாருடைய கான்ட்ராக்ட் போகும்?

"மூடினதத் திறங்க சார்" என்றேன்.

"இன்னா மேடம், உனுக்கு வாய்கூட கீதா?" என்றான் முரளி.

"கீது" என்றேன்.

"யார் பேர்லம்மா திறக்கறது? அவங்கதான் இல்லையே" என்றார் மேனேஜர்.

"என் பேர்ல."

அவர் ஃபோனை எடுத்து யாரிடமோ பேச ஆரம்பித்தார். அதுதான் பதில்.

திங்கட்கிழமை நான் ஆபீசுக்குப் போகப்போவதில்லை. நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், பெரிய டாக்டர் வரும்வரை உட்கார்ந்திருந்து, அந்த ஃபைலில் இனி ஒரு பதிவும் சேர்க்கக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். வேலை போகலாம். எங்கள் வீட்டில் படித்து வேலைக்குப் போனது நான் ஒருத்திதான். ஆவடி ஃபேக்டரியிலிருந்து வந்த அப்பாவிடம் பயந்துகொண்டே சொன்னேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியபடி, "டாக்டர் லேட்டாத்தான் வருவாரு. சோறு கட்டிக்கினு போ" என்றார்.

கூடப் பிறக்காத உன் தங்கச்சி,
மல்லிகா
நெமிலிச்சேரி