படையை அழைக்கும் கடிதத்தில் விடுபட்ட வரி

என் அக்காவுக்கு, என்றைக்கும் என்னைவிட நாலு வயது மூத்தவளாய் இருந்திருக்க வேண்டியவளுக்கு,

இப்போது நான் உன்னைவிட ஆறு வயது மூத்தவள். அது எனக்கு இன்னும் பழக்கப்படவில்லை.

வீட்டு விஷயத்தை நாலு பேருக்குச் சொல்கிறவள் நானில்லை என்று உனக்குத் தெரியும். ஆனால் இதை ஒரு பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். போன மாதம் ஒரு பெண் என்னிடம் ஒரு கடிதத்தைத் தட்டச்சுச் செய்து தரச் சொன்னாள். தன் நாட்டுக்கு மேற்குநாட்டுப் படைகள் வரவேண்டும் என்று இங்குள்ள எம்.பி.யிடம் கேட்கிற கடிதம். அடியில் என் கையெழுத்தையும் கேட்டாள். உன்னிடம் கேட்காமல் எப்படிப் போட்டிருப்பேன்?

எண்பத்தேழு ஆடிக் கடைசி உனக்கு நினைவிருக்கும். பக்கத்து நாட்டுப் படை சமாதானம் காக்க வருகிறதென்று ஒழுங்கை முழுக்க ஆரவாரம். அம்மா மாப்பிள்ளை வீட்டாருக்கு வைப்பதுபோலப் வாசல் படலையடியில் நிறைகுடம் வைத்தாள். நான் வேலியோரத்துப் பூவெல்லாம் பிடுங்கி மாலை கட்டினேன். நீ கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாய்.

“மாலை ஆருக்கடி?”

“ஆமிக்காரருக்கு. எங்களைக் காப்பாத்த வருகினம்.”

“ஏன் வருகினமெண்டு கேட்டனியோ?”

“காப்பாத்தத்தான்.”

“உன்னைக் காப்பாத்த ஆருக்கடி இவ்வளவு அவசரம்? நீயென்ன மகாராணியோ?”

என்மேல் தண்ணீர் தெளித்துச் சிரித்தாய். நான் கோபித்துக்கொண்டு போய் அந்த மாலையை ஒரு சிப்பாயின் கழுத்தில் போட்டேன். அவன் கூச்சத்தோடு தலையைக் குனிந்து தந்தான். நல்லவன் போலத்தான் இருந்தான். கெட்டவன் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

ஐப்பசியில் அதே படை ஷெல் அடித்தது. ஒன்று நம் வீட்டில் விழுந்தது. நீ போய்விட்டாய்.

அதற்குப் பிறகு அம்மா நிறைகுடத்தைத் தொட்டதில்லை. போன வருடம் மாமியின் மகளுடைய கல்யாணத்தில், மண்டப வாசல் நிறைகுடத்தில் வைக்கச் சொல்லி அம்மாவிடம் தேங்காயைக் கொடுத்தார்கள். கையில் அதோடு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு யாரிடமோ கொடுத்துவிட்டுக் கார்கள் நிற்கும் இடத்துக்குப் போய் நின்றுகொண்டாள்.

நாங்கள் இப்போது ஆங்கிலேயர் நாட்டில், செவன் கிங்ஸ் என்ற இடத்தில் இருக்கிறோம். அப்பா பெற்றோல் ஸ்ரேசனில் பகல் ஷிப்ட். நான் ஒரு நூலகத்தில் வேலை செய்கிறேன். நீ இருந்தால் பொறாமைப்பட்டிருப்பாய். கடிதம் கேட்ட நஸீமா அங்கேதான் வந்தாள். அல்ஜீரியாக்காரி. ஊரில் பிரெஞ்சு படிப்பித்தவள், இங்கே குட்மேய்ஸில் ஒரு முதியோர் இல்லத்தில் படுக்கை விரிக்கிறாள். போட்டோக்கொப்பி மெசின் அவளுடைய சில்லறையை விழுங்கிவிட்டது. “எங்கட அரசாங்கம் மாதிரி. உள்ளுக்கு எல்லாம் போகும், வெளியில சத்தம் மட்டும் வரும்,” என்றாள். எங்கள் இருவருக்கும் ஆங்கிலம் இரவல் மொழிதான். ஆனாலும் அவள் பேச்சு என் காதில் நம் ஊர்ப் பேச்சாகவே விழும்.

ஆறு வருடங்களுக்கு முன் அவளுடைய நாட்டில் நடந்த தேர்தலில் இஸ்லாமியக் கட்சி வெல்லப்போகிறது என்றதும் இராணுவம் தேர்தலையே நிறுத்தியது. ஜனநாயகம் பேசும் நாடுகள் பெரிதாக வாய் திறக்கவில்லை. கட்சியின் ஆட்கள் பலர் சிறைக்குப் போனார்கள், சிலர் மலைக்குப் போய் ஆயுதம் எடுத்தார்கள். பிறகு ஆயுதக் குழுக்கள் கிராமங்களுக்குள் இறங்கிக் கழுத்தறுத்தன. நஸீமாவின் அக்காவும் அப்படித்தான் போனாள். பெண்பிள்ளைகளுக்குப் படிப்பித்தது அவளுடைய குற்றம்.

அக்காவை இழந்தவளுக்கு இன்னொருத்தியை அடையாளம் தெரிய நேரம் எடுக்கவில்லை.

படைகள் ஏன் போகின்றன? கையில் அகப்பட்டதையெல்லாம் வாசித்தேன். சகாராவிலிருந்து கடலுக்கடியால் ஐரோப்பாவுக்கு எரிவாயுக் குழாய் போகிறது. எண்ணெய் எடுக்கும் பாலைவனத்துக்கு நல்ல காவல், கொலை நடந்த கிராமங்களுக்கு இல்லை. அகதிகள் கடல் கடந்து வந்துவிடுவார்களோ, இன்னொரு ஈரான் ஆகிவிடுமோ என்ற பயங்கள் ஒரு பக்கம். பழைய எசமானான பிரான்சிலிருந்து தளபதிகளுக்கு ஹெலிகாப்டர்கள் போனதாகப் பத்திரிகைகள் எழுதின. கழுத்தறுபட்ட பெண்கள் தலைவர்களின் பேச்சில் முதல் வரியில் வருகிறார்கள். காரணங்களுக்குள் தேடினால் எங்கோ அடியில் கிடக்கிறார்கள். சோமாலியாவில் படை இறங்கிய கடற்கரையில் தொலைக்காட்சிக் கமராக்கள் முன்கூட்டியே காத்து நின்றது உனக்குத் தெரியாது. நீ பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

அப்பாவிடம் கேட்டேன். “பெற்றோல் விக்கிறவனிட்டையே கேக்கிறாய், ஏன் வருவினமெண்டு?” என்று சிரித்தார்.

இதையெல்லாம் நஸீமாவிடம் சொன்னேன். என் மாலையைப் பற்றியும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

“எரிவாயுவுக்கு வரட்டும். எண்ணெய்க்கு வரட்டும். வந்து எங்கட ரோட்டில நிண்டாப் போதும். ஏன் வந்தனீங்களெண்டு கேக்க உனக்கு நேரம் இருக்கு. அங்க கோடாலியால கதவைக் கொத்துறாங்கள்.”

அவளுடைய கடிதத்தைத் தட்டச்சுச் செய்யத் தொடங்கினேன்.

அவள் சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டு வந்தவள், ஓரிடத்தில் நின்றேன். அக்கா கொல்லப்பட்டபோது பக்கத்திலேயே இராணுவ முகாம் இருந்ததென்றும், அலறல் கேட்கும் தூரத்தில் இருந்தவர்கள் வெளியே வரவில்லையென்றும் முன்பு அவளே எனக்குச் சொல்லியிருந்தாள். கடிதத்தில் அது இல்லை.

“முகாமை விட்டிட்டாய்.”

“விட்டனான்தான்.”

“ஏன்?”

“அதை எழுதினா, ஆர் நல்லவன் ஆர் கெட்டவன் எண்டே விளங்காத நாடெண்டு பேசாமல் இருந்திடுவாங்கள். தாடிக்காரன் கொல்லுறான் எண்டு மட்டும் சொன்னாத்தான் இவங்களுக்கு விளங்கும்.”

எனக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்தில் அடங்கியது. ஏனென்று உனக்குச் சொல்லவேண்டும், அக்கா. இதுவரை சொல்லாதது.

நாங்கள் இங்கே வந்து தஞ்சம் கேட்டபோது, எங்கள் கேஸை எழுதித் தந்தவர் உன்னைப் பற்றிய இடத்தில் பேனையை நிறுத்தினார். “அண்ணை, அந்தப் படை திரும்பிப் போட்டுது. அதைச் சொன்னா, இப்ப என்ன பயமெண்டு கேப்பாங்கள். எங்கட நாட்டு அரசாங்க ஆமி அடிச்ச ஷெல் எண்டு போடுவம். அவங்களும் அடிக்காத ஷெல்லே?” அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். ஆங்கிலத்தை வாசித்துச் சரிபார்த்துக் கொடுத்தது நான். இந்த நாட்டின் ஏதோ ஒரு கோப்பில் உன்னைக் கொன்றது வேறொரு படை.

அவர்களுக்கு எதில் அக்கறை என்று பார்த்து, அதற்கு அளவாக நம் சாவுகளை வெட்டித் தைத்துக் கொடுக்கிறோம். வல்லரசுகளின் உள்நோக்கம் என்னவென்று நூலகம் நூலகமாய்த் தேடினேனே, அந்த நோக்கத்துக்குச் சாட்சி தயாரித்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

இதை நஸீமாவிடம் சொன்னேன்.

“அப்ப உனக்கு என்னை விளங்கும்.”

“விளங்குது. அதாலதான் சொல்லுறன், முகாமைப் போடு. போடாட்டில், வாறவங்கள் அந்த முகாமில இருந்தவங்களுக்குத்தான் கை குடுப்பாங்கள். பிறகு ஆரிட்டைப் போய்க் கேப்பாய்?”

“போட்டு, ஒருத்தனும் வராட்டி?”

அவள் தாளைத் தட்டச்சு மெசினிலிருந்து தானே உருவி எடுத்தாள். “நீ கையெழுத்துப் போடவேண்டாம்,” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

கையெழுத்துப் போடாததைப் பெருமையாகச் சொல்லவில்லை, அக்கா. அந்த வாரமும் அவளுடைய ஊர்ப்பக்கம் கொலை நடந்ததாக வானொலியில் சொன்னார்கள். என் சுத்தமான கை யாரைக் காப்பாற்றியது?

மூன்று வாரம் அவள் வரவில்லை. போன சனிக்கிழமை வந்தாள். எம்.பி. மிகவும் மரியாதையாகக் கேட்டாராம், ஆழ்ந்த கவலை என்றாராம், தேத்தண்ணி தந்தாராம். படை வரவில்லை. வரப்போவதுமில்லை போலிருக்கிறது. எரிவாயு தடங்கலில்லாமல் வந்துகொண்டிருக்கும்போது, படை எதற்கு?

“முதலில இருந்து அடி,” என்றாள் நஸீமா, கோட்டைக் கழற்றாமலே. “முகாமையும் போடு.”

“ஆருக்கு அனுப்ப?”

“தெரியாது. அடி.”

அடித்தேன். இம்முறை கையெழுத்தும் போட்டேன். அதில் யாரையும் வரச்சொல்லிக் கேட்கவில்லை. நடந்தது மட்டும் இருக்கிறது.

அதன்பிறகுதான் உனக்கு இதை எழுத உட்கார்ந்தேன். எழுதியதை அப்பாவிடம் காட்டினேன். இரண்டு தரம் வாசித்தார்.

“கேஸ்காரங்கட கண்ணில பட்டால்?”

“படலாம் அப்பா. விசாவையும் திரும்பப் பாக்கலாம்.”

வேலைக்குப் போகச் சப்பாத்தைப் போட்டு நாடாவைக் கட்டினார். “அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டு,” என்றார். “அவள் ஓமெண்டால் அனுப்பு.”

அம்மாவுக்கு வாசித்தேன். அழவில்லை. ஷெல் விழுந்த இடம் வந்ததும் கையை நீட்டி நிறுத்தினாள்.

“அவள் பங்கர்க் குழிக்குள்ளதான் எங்களோட இருந்தவள். கறி அடுப்பில கிடக்கு, இறக்கிப்போட்டு வா எண்டு நான்தான் அனுப்பினனான். அதையும் எழுது.”

“அம்மா, அது வேண்டாம்.”

“நீதானே விட்டதையெல்லாம் போடவேணும் எண்டு எழுதியிருக்கிறாய்? அப்ப இதையும் போடு.”

போட்டுவிட்டேன், அக்கா. உன்னைக் கொன்ற ஷெல்லை அடித்தது எங்களைக் காக்க வந்த படை. நீ கறி இறக்கப் போனாய். இனி யார் கேட்டாலும், எந்த மேசைக்கு முன்னால் இருந்தாலும், கேட்பவருக்கு எது வசதி என்று பார்க்காமல் இதையே சொல்வேன். அதற்காக எங்களைத் திருப்பி அனுப்பினாலும், விமானத்தில் ஏறும்வரை சொல்லிக்கொண்டிருப்பேன்.

உன்னை ஒருமுறை மாற்றி எழுதிய,
இனி மாற்றமாட்டாத
உன் தங்கச்சி
செவன் கிங்ஸ், பங்குனி 1998