கொட்டகலை தாண்டினால் மாறும் பெயர்

மேல் பிரிவு லயம்,
கொட்டகலை.
8.6.1961

அன்புள்ள மகன் கணேசமூர்த்திக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உன் தங்கையும் உன் மாமாவும் இங்கே ஒரு குறையுமில்லாமல் பிழைத்துக் கிடக்கிறோம், உன் சுகத்தையும் கேட்டு எழுத வேண்டும்தான், ஆனால் நீ சுகமாக இருப்பதை கடைக்கார முனாப் நானாவின் தம்பி ஹமீத் கண்ணால் பார்த்து வந்து சொல்லிவிட்டதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். இதை எழுதுவது உன் தங்கை நாகலெட்சுமி, நான் வாயில் வந்ததைச் சொல்கிறேன், அவள் அதைப் பள்ளிக்கூடத் தமிழாக்கி எழுதுகிறாள், சில இடங்களில் பேனாவை நிறுத்திக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறாள். அப்பாவின் கால் வீக்கம் வற்றவில்லை, இருந்தும் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டப் போகிறார். மழை பிடித்துக்கொண்டது, லயத்துக் கூரைத் தகரம் ஒழுகுகிறது, துரையிடம் சொன்னால் கணக்கப்பிள்ளையிடம் சொல் என்கிறார், கணக்கப்பிள்ளை துரையிடம் சொல் என்கிறார். ஓட்டு வீட்டில் இருக்கிற உனக்கு இதெல்லாம் எதற்கு.

போன மாதம் உன் மாமா சோலைமலை உன்னைத் தேடி வந்தானே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். நாகலெட்சுமியை அவனுக்கே கொடுப்பதென்று முடிவானது. பெண்ணின் அண்ணனுக்கு அதைத் தபாலில் சொல்வது மரியாதை இல்லை, வெற்றிலை பாக்கு வைத்து நேரில் சொல்ல வேண்டும், அப்பாவால் அவ்வளவு தூரம் வர முடியாது என்று மாப்பிள்ளையே கிளம்பினான். முனாப் நானா கடைக்கு வெங்காயம் ஏற்ற ஹமீத் யாழ்ப்பாணம் போன லொறியில்தான் வந்தான். திரும்பி வந்து, "நல்லா இருக்கான் அக்கா, வேலை கூட போல, பேச நேரமில்ல" என்று சொல்லிவிட்டு, கொண்டுபோன வெற்றிலையை மடியிலிருந்து எடுத்து அப்படியே வைத்தான். ஏன் கொடுக்கவில்லை என்றால் கம்பளியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். ஹமீத்தை உட்காரவைத்துத் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் வெளியே வந்தது. உன் வாசலுக்கு எதிரே லொறிக்குள் ஹமீத் இருந்தது உனக்குத் தெரியாது. யார் இது என்று நீ தங்கியிருக்கிற வீட்டுக்காரர் கேட்க, நீ, "சாமான் கொண்டுவந்த தோட்டக்காட்டான் ஐயா, இப்ப போயிருவான்" என்றாயாம். அந்த வீட்டு அம்மாள் சோலைமலையைக் கிணற்றடியில் உட்காரவைத்துச் தேங்காய்ச் சிரட்டையில் தேத்தண்ணீர் ஊற்றினாளாம். நீ விறாந்தையில் நின்றுகொண்டு கிளாசில் குடித்தாயாம். தேயிலைத் தூள் அவன் சுமந்து வந்தது. உன்னைப் பெற்றவளின் கூடப் பிறந்தவன், உன் தாய்மாமன், குடித்துவிட்டு அந்தச் சிரட்டையைக் கழுவி வைத்துவிட்டு வந்திருக்கிறான்.

தோட்டக்காட்டான் என்கிற அந்தச் சொல் எனக்குப் புதிதில்லை. கொட்டகலைக் கடைவீதியில் முனாப் நானாவின் உம்மா ஹவ்வா உம்மாவே சொல்வார், "தோட்டக்காட்டு ஆளுங்க வந்துட்டாங்க, அரிசி மூட்டைய அவிழுங்க" என்று. அங்கே அதற்கு மழைக்குப் போர்த்தி வந்த ஈரக் கம்பளியும் நல்ல வியாபாரமும் என்றுதான் அர்த்தம், நாங்களும் சிரித்துக்கொண்டே உள்ளே போவோம். கொழும்பில் பெரிய உத்தியோகத்தர் வீட்டில் வேலைக்கு நின்ற நம் லயத்து மீனம்மாவை இரண்டு வருஷமும் அப்படியேதான் கூப்பிட்டார்கள், பேர் கேட்கவில்லை. அங்கே அது மிளகாய் அரைக்கிற இரண்டு கை. உன் யாழ்ப்பாணத்தில் அது கிணற்றடி. கடல் தாண்டினால் அந்தச் சொல்லே கிடையாது, அப்பா திருச்சிப் பக்கம் பங்காளிகளைப் பார்க்கப் போனபோது கண்டிச்சீமைக்காரர் வந்துவிட்டார் என்று நாற்காலி போட்டார்கள், புறப்படும்போது போட்டிருந்த சட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். எல்லா ஊரிலும் இறங்கினது உன் அப்பா அதே பொன்னையாவும் அதே சோலைமலையும்தான். நாற்காலி போட்டவனையும் நான் மதிக்கவில்லை, சிரட்டையில் ஊற்றினவளையும் மதிக்கவில்லை, நாம் கிள்ளின கொழுந்தை அவள் குடிப்பாள், கிள்ளின கைக்கு ஒரு கிளாஸ் கொடுத்தால் அவள் குலம் கெட்டுவிடும், அவ்வளவு தொட்டால் சுருங்கிக் குலம். அவர்கள் என்னவோ சொல்லிவிட்டுப் போகட்டும். நம் லயத்தில் பிறந்த ஒருத்தன் வாயால் அதைக் கேட்பது எனக்கு இதுதான் முதல் தடவை. வாத்தியார் வேலைக்குப் போய் நீ படித்துக்கொண்ட தமிழ் இந்த ஒரு சொல்தானா?

தோட்டத்துப் பேரை உறையில் எழுத வேண்டாம், முனாப் நானா கடை விலாசம் போடுங்கள் என்று எழுதியிருந்தாய். தபால் சீக்கிரம் கிடைக்க மகன் வழி கண்டுபிடித்திருக்கிறான் என்று உன் அப்பா லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தார், பாவம். கடைக்காரர் மகன் என்று அங்கே சொல்லி வைத்திருக்கிறாய் என்பது இப்போதுதான் எங்கள் மண்டையில் ஏறுகிறது. இனிமேல் உறையின் பின்புறம் தோட்டம், பிரிவு, லயத்து நம்பர் எல்லாம் நாகலெட்சுமியின் குண்டெழுத்தில் வரும், உன் வீட்டுக்கார ஐயா கண்ணாடி இல்லாமலே படிக்கலாம்.

கல்யாணம் ஆவணி இரண்டாம் ஞாயிறு, நம் கோயிலில். பெண்ணின் அண்ணன் மாப்பிள்ளையின் காலைக் கழுவித்தான் மணவறைக்கு அழைத்து வர வேண்டும், அது உனக்குத் தெரியும். அட்டை கடித்த தழும்பும் பித்த வெடிப்புமாக இருக்கிற கால், தோட்டக்காட்டான் கால், எல்லோர் முன்னாலும் குனிந்து இரண்டு கையாலும் கழுவ வேண்டும். முகத்தைச் சுளிப்பதாக இருந்தால் வராமலே இருந்துவிடு. இந்தக் கடிதம் வேண்டாம் என்று சோலைமலை தடுத்தான், "அவன் அங்க நாலு பேரோட இருக்கணும்ல அக்கா" என்கிறான். அவன் மனசு அப்படி, எனக்கு அப்படி இல்லை. நீ செய்தது எனக்கு அருவருப்பாக இருக்கிறது, அதை மறைத்து எழுத எனக்கு வராது.

அங்கே வெயில் அதிகம், தலையை மூடிக்கொண்டு போ, தண்ணீரைக் காய்ச்சிக் குடி. லீவு கேட்க வேண்டுமானால் இப்போதே எழுதிக் கொடு, கடைசி நேரத்தில் அதைச் சாக்காகச் சொல்லாதே. முருகன் உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுசும் கொடுக்கட்டும், ஆயுசை மட்டும் கொடுத்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது என்று விளக்கேற்றி வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு
உன் அம்மா
அழகம்மா (கைநாட்டு)

அண்ணா, அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார்கள், இது நானாக எழுதுவது. நீங்கள் வராவிட்டால் கால் கழுவப் பெரியம்மா மகனை நிறுத்தலாம் என்று அப்பா சொன்னார், நான் ஒத்துக்கொள்ளவில்லை. நீங்கள் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடத்தில் யாரும் வேண்டாம். அண்ணன் எங்கே என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் எங்களுக்குத் தெரிந்த வாத்தியார் ஒருவர் இருக்கிறார், சாமான் கொண்டுபோனால் வாங்கிக்கொள்வார் என்று சொல்வேன்.

நாகலெட்சுமி