ஐந்தாம் திருவிழாவின் பெயர்த் துண்டு

8 ஓகஸ்ட் 2012, புதன்

தூறல். வாழைப்பொத்தி இரண்டு பெட்டி அழுகல், திருப்பி அனுப்பியாயிற்று. செய்ய வேண்டியவை: குளிர்பெட்டி திருத்துபவருக்கு போன். அப்பாவின் படத்துக்கு மாலை. கோயிலுக்குப் பெயர்த் துண்டு.

அப்பா விட்டுப் போனவை இரண்டு. ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் இந்த மரக்கறிக் கடை, பின்தெருக் கோயிலில் ஐந்தாம் திருவிழா உபயம். போன வருடம் சாவுத் துடக்கு, நாங்கள் செய்யவில்லை. ஒரே பிள்ளை என்பதால் இப்போது இரண்டும் எனக்கு. கடையை நான் நடத்தலாம். திருவிழாவில் தர்ப்பை போட்டு ஐயருக்கு முன்னால் இருக்க ஆண்பிள்ளை வேண்டுமாம். முப்பத்துநான்கு வயதில் ஒரு புல்லு மோதிரம் போட எனக்குத் தகுதியில்லை.

சரி, ஆண்பிள்ளைதானே. யோகன் அண்ணை போடட்டும். பத்தொன்பது வருடமாக எங்கள் கடையில் சாமான் இறக்குகிறார். உபயகாரர் பெயர், நட்சத்திரம் வாசிக்கும் இடத்தில் அவரும், இந்தத் தெருவில் மூட்டை தூக்குகிறவர்களும், குசினிகளில் கோப்பை கழுவுகிறவர்களும் வரட்டும். வருடாவருடம் தேர் வடம் இழுப்பவர்கள். ஒருவர் பெயரையும் ஐயர் வாசித்ததில்லை.

“உது சரிவராது பிள்ளை,” என்றார் யோகன் அண்ணை. பின்னேரம் தக்காளிப் பெட்டி மட்டையில் ஒரு துண்டு கிழித்து, தன் நட்சத்திரம், மனைவியின், இரண்டு பிள்ளைகளின் நட்சத்திரம் எழுதிக் கொண்டுவந்து தந்தார்.

11 ஓகஸ்ட், சனி

வெயில். கோயில் கூட்டம், இரண்டு மணித்தியாலம், பிளாஸ்டிக் கதிரை, ஆறின தேத்தண்ணீர். ஒருவரும் சாதி என்ற சொல்லைச் சொல்லவில்லை. “ஆக்கள் ஆரெண்டு தெரியாதே, எந்தப் பக்கமெண்டு,” என்று மட்டும் நாலு பேர். பிரெவெக்தூரில் வதிவிடப் பேப்பருக்கு வரிசையில் நிற்கும்போது இவர்கள் எந்தப் பக்கமாம்?

ர. எனக்காக எழும்பிப் பேசினார். இந்தக் குறிப்பை நானே மறக்காதிருக்க எழுதுகிறேன்: ர. உடையார் வீட்டுப் பிள்ளை. அவருடைய பூட்டன் வெள்ளைக்காரன் காலத்தில் அரைவாசி ஊரைக் கட்டியாண்டவர். இங்கே ர. ஒரு பியூரோவில் மேசை வேலை. திருவிழா முடியக் கோயில் தலைவராக வேண்டும், பிறகு மேரி என்கிற நகரசபைத் தேர்தலில் நிற்க வேண்டும். எனக்கு ர. வேண்டும். இரண்டு வருடமாக.

கூட்டம் முடிந்து கஃபேயில் ர.: “இந்த முறை தெற்பையை நான் போடுறன். வாசிக்கிறது உம்மட ஆக்களின்ரை பேர்தான். வாற வருசம் யோகன் போடட்டும். படிப்படியாத்தான் ஏறலாம், வாணி.”

துண்டை அவர் கையில் கொடுத்தேன். இருபத்துமூன்று பெயர், என் கையெழுத்து. மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், நெஞ்சுப் பக்கம். அந்த நேரம் எனக்கு அது கூடப் பெரிதாகத் தெரிந்தது. எவ்வளவு மடைச்சி நான்.

14 ஓகஸ்ட், செவ்வாய்

கொடியேற்றம். கால் உளைவு. பிறகு ர.வின் அம்மா வீடு, லெ பிளாங்-மெனில். முதல் தடவை. மரக்கறிச் சாப்பாடு, நல்ல பால்கறி. கை கழுவப் போனபோது குசினியிலிருந்து அம்மாவின் குரல்: “கடைக்காரன்ரை பெட்டைதான். ஆனால் அஞ்சாம் திருவிழா எல்லோ கையிலை கிடக்கு.”

RER ரயிலில் ர.வுக்குச் சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். இல்லை என்று சொல்லவில்லை.

யோகன் அண்ணைக்கு விஷயம் சொன்னேன், தர்ப்பை அடுத்த வருடம், பெயர் இந்த வருடம். பேர் வாசிச்சால் அதுவே காணும் என்றார்.

18 ஓகஸ்ட், சனி. ஐந்தாம் திருவிழா

தாங்க முடியாத வெக்கை. கடை பூட்டு. நீலக் காஞ்சிபுரம், ர.வுக்குப் பிடித்தது.

யோகன் அண்ணை குடும்பம் வாசல் பக்கம் நின்றது. புது வேட்டி, மடிப்புக் கலையாமல். அவருடைய மகள் பிரெஞ்சில் எப்போது எங்கள் பெயர் வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ர. தர்ப்பையோடு முன்னால். ஐயர் துண்டை விரித்தார். வெள்ளைக் கடதாசி. நான் எழுதியது கோடு போட்ட கொப்பித் தாள். முதலில் ர.வின் பெயர். பிறகு அவருடைய அம்மா, தமையன், தமையன் பிள்ளைகள். கடைசியில் என் பெயர், என் நட்சத்திரம், ர.வின் குடும்பத்தோடு சேர்த்து. அவ்வளவுதான். மணி அடித்தது.

இங்கே பொய் எழுதி என்ன. அவர் பெயர் இருந்த துண்டில் என் பெயரும் வந்தபோது சந்தோஷப்பட்டேன். ஒரு நிமிடம் இருக்கும். திரும்பிப் பார்த்தேன், வாசலில் ஒருவரும் இல்லை.

19 ஓகஸ்ட், ஞாயிறு

அதே வெக்கை. ர. காளாஞ்சித் தட்டோடு கடைக்கு வந்தார். தேங்காய், வெற்றிலை, பழம். உபயகாரருக்குக் கொடுக்கும் முதல் மரியாதை.

பெயர்த் துண்டு எங்கே என்று கேட்டேன். கோயில் சபை ஒத்துக்கொள்ளவில்லையாம், கடைசி நேரமாம், என்னை நோகடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லையாம். ஐந்தாம் திருவிழா இனி அவர் குடும்பப் பெயரில் பதிவாம். “கலியாணம் முடிச்சா ரெண்டும் ஒண்டுதானே. ஐப்பசியிலை பதிவு எழுத்தை வைப்பம்.”

நான் சொன்னது: “எழுத்தும் வேண்டாம், நீங்களும் வேண்டாம்.” அவருக்குக் கோபம் கூட வரவில்லை. உமக்குக் களைப்பு, நாளைக்குக் கதைப்பம் என்றார். வேண்டியது ஏற்கெனவே கையில். போகும்போது தட்டை மேசையில் விட்டுவிட்டார்.

அழுதேன். அவருக்காகவும்தான். அதுதான் எரிச்சல்.

20 ஓகஸ்ட், திங்கள்

யோகன் அண்ணை வழமைபோல ஏழுக்கு வந்தார். முருங்கைக்காய் இறக்கினார். வெண்டிக்காய் இறக்கினார். பத்து மணிக்கு நானே தொடங்கினேன்: என்னை ஏமாற்றிவிட்டார்கள், ர.வை விட்டுவிட்டேன், அடுத்த வருடம் வழக்குப் போட்டாவது பெயர் வாசிக்க வைப்பேன். காளாஞ்சித் தட்டையும் நீட்டினேன். ஏன் நீட்டினேன் என்று தெரியவில்லை.

அவர் கையைத் துடைத்தார். தட்டைத் தொடவில்லை.

“பேர் வாசிக்கேக்கை நீங்கள் தலையைக் குனிஞ்சு கும்பிட்டனீங்கள் பிள்ளை. பாத்தனான்.”

பொபினியில் ஒரு கடையில் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறாராம். கடைப் பூட்டின் திறப்பைக் கல்லாவின் மேல் வைத்தார். அப்பா கொடுத்த திறப்பு.

நாளை வாழையிலை லொறி, காலை ஏழு. இறக்க ஆள் இல்லை.