வோல்ட்டேஜ் வேலுவும் வெள்ளிக்கிழமை கிரகணமும்

ஜூலை 28, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். ஆடிக் காற்றில் திருநகர் முழுக்கப் புழுதி. கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது. நான் பாடம் எடுக்கும் பள்ளிக்கு லீவு நீட்டிப்பு எழுதியாச்சு. தல்லாகுளம் வரை பஸ்ஸில் குலுங்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பு. வயிற்றில் மூன்றாம் மாதம். போன தடவை கலைந்ததும் இதே மூன்றாம் மாதத்தில்தான். அதைப் பற்றி எழுத வேண்டாம்.

கம்ப்யூட்டரே துணை. அரட்டைக் குழுவில் வெள்ளிக்கிழமை சூரிய கிரகணத்தை வைத்து அடிதடி. இந்தக் குழுவை எனக்குக் காட்டியதே என் வீட்டுக்காரர்தான். ஆபீஸில் வாசித்துச் சிரிப்பதோடு சரி, எழுத மாட்டாராம். நான் அங்கே 'வோல்ட்டேஜ் வேலு' என்று ஆம்பிளைப் பெயரில் உலவுவது இவருக்குத் தெரியாது. சொந்தப் பெயரில் போனால் இயற்பியலை விட்டுவிட்டு 'சாப்பிட்டீங்களா மேடம்' என்பான்கள். வேலு என்றால் டேய், மாப்ள, எல்லாம் உண்டு. சுகமாக இருக்கிறது.

'மிளகாய்பஜ்ஜி' என்பவன் இன்று: "கிரகணத்தப்ப தாம்பாளத்துல தண்ணி ஊத்தி உலக்கைய வச்சா அதுபாட்டுக்கு நிக்குதே. நிலாவோட ஈர்ப்புதானண்ணே?"

நான்: "உலக்கைய இழுக்குற நிலா, உங்க வீட்டுத் துடைப்பத்தை ஏன் மாப்ள விட்டுருச்சு?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். உலக்கை எந்த நாளும் நிற்கும், படம் போடுகிறேன் என்றேன். வெள்ளிக்கிழமை வெல்டிங் கண்ணாடியோடு மொட்டை மாடியில் நின்று பார்த்து எழுதுகிறேன் என்றும் சவால். எனக்கு வாய்தான் எதிரி.

ஜூலை 29, செவ்வாய்

அத்தை கோயிலுக்குப் போனதும் கனமில்லாத சின்ன உலக்கையை எடுத்தேன். தாம்பாளம், தண்ணீர். சாய்ந்தது, சாய்ந்தது, பிறகு நின்றுவிட்டது. அடியில் இரும்புப் பூண் தட்டை, அவ்வளவுதான் விஷயம். படம் எடுத்து முடிக்கவும் அத்தை உள்ளே வரவும் சரியாக இருந்தது.

"ஏய் கலா, என்னடி இது? இன்னிக்கே நிப்பாட்டிட்டா வெள்ளிக்கிழமை அது எப்படிடி நிக்கும்?"

சிரிப்பை அடக்க முடியவில்லை. அத்தை சிரிக்கவில்லை. என் வயிற்றைப் பார்த்துவிட்டு, உலக்கையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஜூலை 30, புதன்

மேகமூட்டம், மழை இல்லை. அத்தையின் வெள்ளிக்கிழமைச் சட்டம்: கத்தி, அரிவாள்மனை, ஊசி தொடக் கூடாது. சொறியக் கூடாது. உள் அறையில் மல்லாந்து படுக்கணும். மேற்கு ஜன்னல் சாத்தணும். இவர் சாப்பிட்டுக்கொண்டே தலையைக் குனிந்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒன்றை இங்கே மட்டும் எழுதுகிறேன். எனக்கும் பயம். நிழலால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் நான் மாடி ஏறி, பிறகு வேறு எதனாலோ போன தடவை போல ஆகிவிட்டால்? மாடி ஏறியதால்தான் என்பார்கள். நானே என்னைக் கேட்பேன்.

ஜூலை 31, வியாழன்

குழுவில் 'கடைசிபெஞ்சு' என்று புது ஆள். அப்படியே எழுதிக்கொள்கிறேன்:

"வேலு அண்ணே, கேலி பண்ணாம பதில் சொல்லுங்க. என் பொண்டாட்டி உங்கள மாதிரி, எல்லாத்துக்கும் சயின்ஸ் பேசுவா. முதல் பிள்ளை தங்கல. அன்னிக்கு ஆஸ்பத்திரியில அவ கையில பிஸ்கட் பாக்கெட்ட குடுத்துட்டு, போன் வந்துருச்சுன்னு வெளிய போயிட்டேன். போன்லாம் வரல. பைக் ஸ்டாண்டுல நின்னு அழுதேன். அவளுக்குத் தெரியாது. நாளைக்கு அவள உள்ளயே இருன்னு சொல்லணும். எனக்கும் இதுல நம்பிக்கை இல்லண்ணே. பயம்தான் இருக்கு. எப்படிச் சொல்ல?"

அது தேங்காய் பிஸ்கட். நான் பிரிக்கவே இல்லை. இந்த மனுஷனுக்குக் கல் நெஞ்சு என்று இத்தனை நாள் மனசுக்குள் வைத்துக் கறுவிக்கொண்டிருந்தேன்.

கீழே மிளகாய்பஜ்ஜி: "வேலு அண்ணே, எங்க போயிட்டீக?"

அடித்தேன், அழித்தேன், மறுபடி அடித்தேன். கரண்ட் போவதற்குள் அனுப்பியது: "தம்பி, கிரகணத்தப் பத்தி அவங்ககிட்ட ஒண்ணும் பேசாதீங்க. பைக் ஸ்டாண்டப் பத்தி மட்டும் சொல்லுங்க. மத்தத அவங்களே முடிவு பண்ணுவாங்க."

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஆடி அமாவாசை. வானம் சுத்தம். இவர் பர்மிஷன் போட்டுவிட்டு மூன்றரைக்கே வந்தார். கல்யாணமான நாளிலிருந்து இப்படி வந்ததில்லை. வெல்டிங் கண்ணாடி மேஜை மேல் இருந்தது. பார்த்தார், எடுக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"கலா, அன்னிக்கு எனக்குப் போன் வரல."

முதல் தடவை கேட்கிற மாதிரிக் கேட்க நினைத்தேன். முடியவில்லை, பாதியிலேயே அழுதுவிட்டேன். இவரும்தான். பிறகு எழுந்து மேற்கு ஜன்னலை நானே சாத்தினேன்.

"உனக்குப் பிடிக்கலேன்னா மாடிக்குப் போவோம். நானும் வாரேன்."

"வேணாம். படுத்துக்கிறேன். உங்களுக்காகத்தான், நிலாவுக்காக இல்ல."

ஜன்னல் கதவில் ஆணி பிடுங்கிய சின்ன ஓட்டை. எதிர்ச் சுவரில் வெளிச்ச வட்டம், அதில் ஒரு பக்கம் கடித்த மாதிரிக் காணவில்லை. சூரியனின் பிம்பம்! கிரகணம் எங்கள் அறைக்குள்ளேயே வந்திருந்தது. இவர் பதறி அதைக் கையால் மறைக்கப் போனார். பிம்பம் இவர் புறங்கையில் விழுந்தது. அதை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே அத்தையின் குரல்: "நின்னுருச்சு, உலக்கை நின்னுருச்சு!"

ஆகஸ்ட் 2, சனி

ஸ்கேன். ராத்திரி தூங்கவே இல்லை. பக்கத்துத் தெருவில் அதே ஆஸ்பத்திரி, அதே வாடை. நர்ஸ், "சார், நீங்க வெளிய இருங்க."

"நான் இங்கனயே நிக்கிறேம்மா."

டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எங்கள் பக்கம் திருப்பினார். துடிப்பு. நன்றாக இருக்கிறது என்றார்.

பைக் ஸ்டாண்டுக்கு வந்ததும் இவர், "இங்கனதான்" என்று ஒரு தூணைக் காட்டினார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றோம். வேலு என்று ஒருத்தன், முன்னப்பின்ன தெரியாதவன், அவனுக்கு நன்றி சொல்லணும் என்றார்.

"சொல்லுங்க, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றேன்.

கையிலிருந்த வண்டிச் சாவியைக் கீழே போட்டுவிட்டார்.