ஒசாக்காப் பாலத்தில் ஒரு கறுப்புக் குடை

பிளேஸ்டோ, லண்டன்,
வெள்ளிக்கிழமை

பிள்ளை கம்சிகா, நான் உன்னைக் கண்டுவிட்டேன், ஒசாக்காவிலே, அந்தக் கடைத்தெருப் பாலத்துக்கு மேலே, பட்டப்பகலில், என்னுடைய போனுக்குள்ளே, சத்தியமாக அது நீதான்!!

சரி, முறையாகத் தொடங்குகிறேன். இங்கே அப்பா, தம்பி யனுஷன், நான் மூன்று பேரும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீ அந்த வெக்கைக்குள் உடம்பு சோராமல் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கவேண்டும் என்று கேட்டுத்தான் தினமும் விளக்கேற்றுகிறேன். வொய்ஸ் நோட் போட்டால் நீ இரட்டை வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்பாய் என்று தம்பி காட்டிக்கொடுத்துவிட்டான், அதனால்தான் எழுதுகிறேன், எழுத்தை ஓடவிட ஏலாதுதானே.

அந்தப் பாலத்தில் ஒரு கமரா இருபத்திநாலு மணித்தியாலமும் லைவ் போகிறது, உனக்குத் தெரியுமோ? நான் சித்திரையிலிருந்து அதிலேதான் குடியிருக்கிறேன். அதற்குக் கீழே எழுதிக் கதைக்கிற சட்டில் எங்களுக்கு ஒரு கூட்டமே இருக்கிறது, பிரேசில்காரர் ஒருவர், துருக்கியில் ஒரு நர்ஸ், ஒசாக்காவிலேயே இருக்கிற ஒரு அம்மா, அவ தன் பேருக்குப் பக்கத்தில் கொக்குப் படம் போட்டிருப்பா. அங்கே மழை வந்தால் நாங்கள் எல்லோரும் சேர்ந்து குடைப் படம் போடுவோம். ஜப்பான் மொழியும் போனில் நானாகவே படிக்கிறேன், மகளுக்கு முசுமே, வெக்கைக்கு அட்சுய், இந்த இரண்டும் எனக்கு இனிச் சாகும்வரை மறக்காது. நேற்றுக் காலைத் தேத்தண்ணியோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒரு கறுப்புக் குடை வருகிறது, முகம் தெரியவில்லை, ஆனால் பையைக் கையில் பிடிக்காமல் முழங்கையில் கொழுவிக்கொண்டு, அது காலில் அடிக்க அடிக்க, ஒரு பக்கம் சரிந்து ஒரு நடை. உலகத்திலே அப்படி நடக்கிறது இரண்டே இரண்டு பேர், ஒருவர் உன் அப்பா, அவர் அந்த நேரம் எங்கள் கடைக்குள் வெண்டிக்காய் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் சட்டில் முசுமே முசுமே என்று கத்தினேன், அத்தனை பேரும் இருதயம் போட்டார்கள். தம்பி படியிறங்கி வந்து பார்த்துவிட்டு, அம்மா இது ஒளிஞ்சு ஆளைப் பின்தொடருற ஸ்டாக்கிங், பொலிசுக்குத்தான் சொல்லோணும் என்றான். நான் சொன்னேன், போடா, பெத்தவள் பார்த்தால் அதுக்குப் பேர் வேறை என்று. என்ன பேர் என்று அவன் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது.

கண்ட சந்தோசப் புளுகம் அடங்கினபிறகுதான் பிள்ளை மனம் ஒருமாதிரிப் போனது. நீ எனக்கு என்ன சொன்னாய், ஆய்வுகூடத்தில் வேலை முட்டி வழிகிறது, லீவிலும் வரவேண்டும் என்று புரபெசர் சொல்லிவிட்டார், லண்டனுக்கு வர ஏலாது என்று. கொக்குப்பட அம்மா சொல்கிறா, இந்தக் கிழமை அங்கே செத்தவர்களை நினைக்கிற நாட்கள், கம்பஸ் எல்லாம் பூட்டு, பிள்ளைகள் எல்லோரும் தாய்தகப்பனிடம் போய்விடுவார்கள் என்று. நீ வீட்டுச் செருப்போடு பாலத்தால் போகிறாய். அப்படியென்றால் அந்த மேற்குப் பார்த்த அறைக்குள்தானே நாள் முழுக்க இருக்கிறாய், வெயில் சரிந்து கட்டில்மட்டும் வருகிற அறைக்குள். அன்றைக்கு வீடியோவில் முகட்டைத்தான் காட்டினாய், பின்னாலே அந்த மரத்துப் பூச்சிகள் காது கிழியக் கத்தின, நீ கதைத்ததைவிட அதுகள் கதைத்ததுதான் கூட. நான் கோபத்தில் எழுதவில்லை குஞ்சு. நீ ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும், அதற்கு ஆய்வுகூடத்தைச் சாட்டத் தேவையில்லை.

ஈஸ்டருக்கு வந்து நின்றபோது உன்னை லூயிஷாம் கோயிலுக்கு அப்பா கூட்டிக்கொண்டு போனார், உன்ரை பேரில அர்ச்சனை பிள்ளை, வெள்ளனப் போயிட்டு வருவம் என்று. நீயும் நம்பிச் சேலை உடுத்திக்கொண்டு போனாய். அங்கே அந்தக் கிங்ஸ்பரி மாப்பிள்ளை வீட்டுக் குடும்பம் தற்செயலாக வந்ததுபோல நிற்கிறது, பெடியன் ஒரு பக்கம் போனைப் பார்க்கிறான், தாய் உன்னை உச்சியிலிருந்து கால்மட்டும் பார்க்கிறா, பிறகு ஜப்பானில் சமைச்சுச் சாப்பிடுறனீங்களோ என்று கேட்கிறா. நீ அர்ச்சனைத் தட்டை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு, தேங்காய் உடைக்கமுதல் தனியாக ட்ரெயினில் வந்துவிட்டாய். சேலை கசங்காமல் வந்து நின்று, அம்மா எனக்குப் பசிக்குது என்று மட்டும் சொன்னாய். கோயிலில் வைத்துப் பொம்பிளை பார்க்கிறது எங்கள் ஆட்கள் காலாகாலமாகச் செய்கிறதுதான், ஆனால் பொம்பிளைக்குச் சொல்லாமல் செய்தது பிழை, அதை நான் அவருக்கு முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அவர் அதற்கு, சொன்னால் வந்திருப்பாளோ, அவள் அங்கையே ஒரு வேலை எடுத்து இருந்திடுவாள் சுவர்ணா, இஞ்சை ஒரு கலியாணம் எண்டால் பக்கத்தில இருப்பாள் எண்டு நினைச்சன் என்றார். அவ்வளவுதான் அவருடைய திட்டம். உன்னைக் கிட்ட வைத்திருக்கப் பார்த்த மனுசன் உன்னை இன்னும் தூரத்தில் கொண்டுபோய் விட்டார். கிங்ஸ்பரிக்கு அவரே போன் பண்ணி, மன்னியுங்கோ, இது சரிவராது என்று சொல்லிவிட்டார், அதை உனக்குச் சொல்லவும் வெட்கப்படுகிறார்.

இங்கேயும் இந்தமுறை சரியான வெயில். இந்த வீடு குளிருக்குக் கட்டின வீடு, பகலில் யன்னல் சீலையை இழுத்துவிட்டு இருட்டுக்குள் இருக்கிறோம், மேலே உன்னுடைய அறைதான் சூளை. தம்பி காத்தாடியைப் பிடித்துக்கொண்டு தரமாட்டேன் என்கிறான். கடைக்கு வருகிற ஆக்கள் எல்லோருக்கும் வெயில் கதைதான். முன்வீட்டு றோஸ்மலர் அக்கா வந்து சொன்னா, சுவர்ணா, உன்ரை மனுசன் ஒருக்கா ஜப்பான் போயிட்டு வந்தவரோ, வெக்கை தாங்கேலாது எண்டு நான் கடையில சொல்ல, அவர் அக்கா இதெல்லாம் ஒரு வெயிலோ, ஒசாக்காவில போய் நிண்டு பாருங்கோ, இரவிலயும் இறங்காது எண்டு பேசுறார், ஏதோ நான் வெயிலைக் கொண்டுவந்த மாதிரி என்று. நான் சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தேன், இவருக்கு அது எப்படித் தெரியும், நான் சொல்லவில்லையே.

நேற்று உன்னைக் கண்டதைப் படமாக எடுத்து மத்தியானச் சாப்பாட்டோடு கடைக்குக் கொண்டுபோனேன். தராசுக்குப் பக்கத்தில் அவருடைய போன் தக்காளிப் பெட்டியில் சாத்தி வைத்திருக்கிறது, அதில் அதே பாலம்! என்னைக் கண்டதும் கையால் மூடிக்கொண்டு, ஏதோ விளம்பரம் வருது, நிப்பாட்டத் தெரியேல்லை என்றார். நான் என்னுடைய படத்தைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார், எல்லாக் குடையும் கறுப்புத்தானே என்றார், சோற்றுப் பெட்டியைத் திறந்தார். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, அந்தப் படத்தை எனக்கும் அனுப்பிவிடு, ஆளோ எண்டு ஆறுதலாப் பார்ப்பம் என்றார். பின்னேரம் தம்பி கடையில் நின்றபோது, சாமான் கொடுக்கிற இடைவெளியில் அதைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தாராம், கடைசியில் மெலிஞ்சிட்டாள் என்றாராம். குடையும் காலும்தான் தெரிகிற படம் பிள்ளை அது.

உன்னுடைய ஞாபகத்தில் நீ சாப்பிடுகிற அந்தக் குளிர் நூடில்ஸ் செய்தேன், ஐஸ் தண்ணீரில் போட்டு, தொட்டுக்கொள்ளக் கறுத்த தண்ணி ஒன்று வைத்து. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, ஏனப்பா இடியப்பத்தைக் குளிப்பாட்டி வைச்சிருக்கிறாய், சொதி எங்கை என்றார். ஆறின சொதியை ஊற்றிக் கொடுத்தேன், மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டார். நீயும் செய்து பார், தேங்காய்ப்பால் டின்னில் கிடைக்கும், தேசிக்காய்ப் புளியைக் கடைசியில் விடு. பிறகு இதையும் கேள், ஏசியை இரவிலும் நிற்பாட்டாதே, அதில் படுத்தால் சளி பிடிக்கும் என்று நான் முந்திச் சொன்னதெல்லாம் இங்கத்தைக் கதை, அங்கே அது சரிவராது என்று துருக்கி நர்ஸ் எனக்குப் பேசினா. தாகம் வரும்வரை பார்த்துக்கொண்டிராமல் தண்ணி குடி, அந்தப் பார்லித் தேத்தண்ணியும் நல்லதாம். மத்தியானத்தில் வெளியே போகாதே, கமராவில் காணலாம் என்று எனக்கு ஆசைதான், எண்டாலும் போகாதே.

வா என்று நான் கேட்கப்போவதில்லை. லீவு இன்னும் கிடக்கிறது, வந்தால் அறை தூசு தட்டி இருக்கிறது, வராவிட்டாலும் தட்டுவேன். உனக்கு அங்கே வேலை கிடைத்தால் எடு, ஒளிக்காமல் சொல்லு, நாங்கள் அழுதுவிட்டு வாழ்த்துவோம். ஒன்று மட்டும் கேட்கிறேன். அப்பா தம்பியிடம், ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கமுதல் போன் எடுத்தால் அங்கை அவளுக்கு என்ன நேரம் என்று கேட்டிருக்கிறார். அப்படியென்றால் எடுக்கப்போகிறார். சித்திரைக்குப் பிறகு முதல்தரம். கோயிலைப் பற்றி அவர் ஒன்றும் கதைக்கமாட்டார், அவருக்கு அது வராது, எடுத்தவுடன், அங்கை சரியான வெக்கையோ பிள்ளை என்றுதான் கேட்பார். நீ ஓம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடாதே ராசாத்தி. எவ்வளவு வெக்கை என்று சொல்லு, கட்டிலில் வெயில் விழுகிறதைச் சொல்லு, அந்தப் பூச்சிகளைச் சொல்லு, வேர்க்கிறது, நித்திரை வரவில்லை, பயமாக இருக்கிறது, எது இருக்கிறதோ அதைச் சொல்லு. உனக்கு அவர்மேல் இன்னும் கோபம் என்றால் அதையும் வெக்கையோடு சேர்த்துச் சொல்லு, அவர் கேட்டுக்கொண்டு நிற்பார்.

எல்லாக் கடவுளும் உன் தலைமாட்டில் நிற்கட்டும், நோய் நொடி அணுகாமல், நினைத்தது எல்லாம் கைகூடி, நீ இருக்கிற இடத்தில் நீ சந்தோசமாக இரு.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா
குகதாசன் சுவர்ணா

மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை போனைச் சைலண்டில் போடாதே. வாசித்ததும் எனக்கு ஒரு பதில் போடு, எடுப்பேன் என்று ஒரு சொல் போதும், நான் அதை அப்பாவுக்குக் காட்டமாட்டேன், என்னுடைய சட்டுக் கூட்டத்துக்கு மட்டும்தான் சொல்லுவேன்.