மத்தியஸ்தரின் நெஞ்சுக் கமரா

மே 29, 2025, வியாழன்

உதைபந்தாட்ட லீக் செயலாளர் மஜீட் கமராவை என் நெஞ்சில் மாட்டிவிட்டார். தீப்பெட்டி அளவுதான். "சேர், இனி ஒருத்தரும் உங்கட மேல கை வைக்க ஏலா. படமும் சத்தமும் எல்லாம் இதுக்குள்ள விழும்" என்றார்.

போன வருடம் மைதானத்தில் ஆட்டக்காரர் சிலர் அடித்து என் விலா எலும்பு இரண்டை உடைத்த பிறகு, நான் விசில் எடுக்கப்போவது இதுதான் முதல் தடவை. வீட்டில் மனைவி பியட்றிஸுக்குக் காட்டினேன். "இது அடியத் தடுக்குமா, இல்லாட்டி நீங்க அடி வாங்குறதப் படம் புடிக்குமா?" என்று கேட்டாள். இரண்டு பேரும் சிரித்தோம். இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மே 31, சனி

நாளைக்கு நீரலைக் கழகத்தின் ஆட்டம். இருபது வருடம் உதைபந்தாட்டத்துக்கு மத்தியஸ்தம் செய்த மனிதன் பயப்படலாமா? பயமாத்தான் கிடக்கு.

ஜூன் 1, ஞாயிறு

எண்பதாவது நிமிடம் நீரலைக்கு எதிராகப் பெனால்டி கொடுத்தேன். சரியான தீர்ப்பு, எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன். அவர்களுடைய தலைவன் றொனால்ட் ஓடி வந்து நெஞ்சில் தள்ளினான். மல்லாக்க விழுந்தேன். சிவப்பு அட்டை காட்டினேன், அறிக்கையிலும் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மத்தியஸ்தரைத் தள்ளினால் ஒரு வருடத் தடை. ஓகஸ்டில் அவனைக் கொழும்புக் கழகம் ஒன்று எடுக்க இருக்கிறதாம். தடை வந்தால் அது போச்சு. போகட்டும், எனக்கென்ன? கை வைத்தது ஆர்?

ஜூன் 3, செவ்வாய்

வீடியோவை நாலு தரம் பார்த்துவிட்டேன்.

அவன் என்னைத் தொடவே இல்லை.

இரண்டு ஆள் நீளம் தள்ளி நிற்கிறான். கை இரண்டையும் கூப்பியபடி, "சேர், ஒருக்காக் கேளுங்க சேர்" என்கிறான். பிறகு படம் ஆடுகிறது, வானம் தெரிகிறது. நான் தானாகவே பின்னுக்குப் போய் விழுந்திருக்கிறேன். ஆனால் தள்ளியது எனக்கு நல்ல ஞாபகம் — எப்படி?

இன்னொரு சத்தமும் இருக்கு. ஆர்டயெண்டு முதல் விளங்கல்ல. "அடிக்காத மகனே... அடிக்காத மனே..." ஐயோ, என்ட குரல்!

குசினிக்குள் இருந்து "ஆர் அழுறது?" என்று பியட்றிஸ் கேட்டாள். ஏதோ நாடகம் என்று சொன்னேன்.

ஜூன் 5, வியாழன்

மஜீட் ஃபோன் எடுத்தார். சனிக்கிழமை விசாரணை. இரண்டு கழகமும் வரும், மத்தியஸ்தர்கள் எல்லாரும் வருவார்கள். "வீடியோ இருந்தாக் கொண்டு வாங்க சேர். பழுதெண்டாலும் பறவாயில்ல, உங்கட அறிக்கையே போதும்."

பழுது என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. ஆருக்குத் தெரியும்?

கொடுத்தால் நாற்பது பேர் அந்தக் குரலைக் கேட்பார்கள். நாளைக்கு பஸ்ஸுக்குள் பின்னால் இருந்து எவனாவது அதே மாதிரிக் கத்தினால்? விலா உடைந்தபோது கூட நான் இப்படிப் பயந்ததில்லை.

ஜூன் 6, வெள்ளி

பியட்றிஸுக்குப் போட்டுக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. "அந்தப் பொடியனுக்கு என்ன வயசு?" என்று மட்டும் கேட்டாள். இருபத்திரண்டு என்றேன். எழும்பிப் போய்விட்டாள்.

ஜூன் 7, சனி

கொடுத்தேன்.

போடுவதற்கு முன் மஜீட் என் காதுக்குள் "சத்தத்தக் குறைக்கவா சேர்?" என்று கேட்டார். குறைத்தால் அவன் கெஞ்சியதும் கேட்காதே. வேண்டாம் என்றேன்.

பின்வரிசையில் ஒருத்தன் சிரித்தான். நான் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். றொனால்டுக்குத் தடை இல்லை. பிழையான அறிக்கைக்கு எனக்கு ஒரு மாதம் விசில் இல்லை. அவன் என் முகத்தைப் பார்க்காமலே வெளியே போனான்.

ஜூன் 19, வியாழன்

பஸ்ஸில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் பயமாக இருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

திரும்பவும் நீரலை. காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா என்று காலையில் யோசித்தேன். போனேன்.

முதல் பாதியில் அவர்களுக்கு எதிராக விசில் ஊதினேன். றொனால்ட் கொதித்துக்கொண்டு ஓடி வந்தான், பின்னால் நாலைந்து பேர். என் கால் தன்பாட்டில் பின்னுக்குப் போனது.

பத்தடி தள்ளி அவன் சடாரென்று நின்றான். பின்னால் வந்தவர்களையும் மறித்தான். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "சேர், கிட்ட வரலாமா?" என்று கேட்டான்.

ஓம் என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அதுவரைக்கும் அவன் அங்கேயே நின்றான்.