போடாத பொத்தான்

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் முதுகுவலி தேவலையா? அத்தை வேளைக்குச் சாப்பிடுகிறார்களா?

இங்கே நான் வேலை பார்க்கும் தையல் கடையில் நேற்று ஒரு வேடிக்கை. கல்யாணப்பெண் ஒருத்தி புது உடுப்பைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். எப்படி இருக்கு என்று யார் கேட்டாலும் "பிரமாதம்" என்றுதான் சொல்ல வேண்டும், அது முதலாளியம்மா போட்ட சட்டம். எனக்கோ அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. "கையைத் தூக்கிப் பாரும்மா, தோள் இறுக்குது" என்றேன். தூக்கினாள், தையல் படாரென்று விட்டுவிட்டது! முதலாளியம்மா முறைத்தார். அவளோ, "நல்லவேளை, கல்யாணத்தன்னிக்குக் கிழியல. நீங்களே பிரிச்சுத் தைங்கக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் தைத்து அனுப்பிய சட்டையை, "அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு" என்றீர்கள். போட்டோவில் நடுப்பொத்தானைப் போடாமல் கையால் மறைத்திருக்கிறீர்களே! நான் வருந்துவேன் என்றுதானே? ஞாபகத்தில் இருந்த அளவில்தான் வெட்டினேன். உங்களைப் பிரிந்து இங்கே வந்ததில் உங்கள் அளவே எனக்கு மறந்துபோகிறதே என்பதுதான் பயம். டேப் வைத்து அளந்து, உள்ளபடி எழுதி அனுப்புங்கள்.

முதலாளியம்மா கூப்பிடுகிறார். இன்னொன்று. போனில் "எப்படி இருக்கே?" என்று கேட்கிறீர்கள், நானும் "எனக்கென்ன, ஜம்முனு இருக்கேன்" என்கிறேன். அடுத்த தடவை, அவசரமில்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள்.

உங்களவள்